கவென்ட்ரி முதல் கட்டுகஸ்தோட்டை வரை

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் வீதியில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டினால் அக்குறணை வரைக்கும் கராஜ்களுக்குக் குறைவில்லை. பஸ், லொறி, முச்சக்கர வண்டி என்று பிரித்துப் போட்ட சாமான்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு பழைய சிவப்பு டிராக்டர், போனட்டைக் கழற்றியபடி நிற்கும். வயது ஐம்பதோ அறுபதோ இருக்கும். கண்டால் அதன் பின்பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று இரும்புக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். கலப்பையை மாட்டுகிற இடம் அது. பார்க்கச் சாதாரணமான அந்தக் கைகளைக் கண்டுபிடித்தவர் சொந்தமாக விமானம் செய்து பறந்த ஒரு மெக்கானிக். அமெரிக்கக் கோடீஸ்வரர் ஒருவருடன் கைகுலுக்கல், பெரிய வழக்கு, நாணயம் சுண்டிப் போட்ட ஒரு பந்தயம், தென் துருவப் பயணம், சென்னையில் குதிரை வண்டி செய்த ஒரு கம்பெனி என எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதான் அவை மகாவலிக் கரைக்கு வந்து சேர்ந்தன.

அவை வருவதற்கு முன் இங்கே வயலுக்குள் இறங்கியது எருமை. கண்டியைச் சுற்றியுள்ள வயல்கள் மலைச்சரிவில் படிபடியாக வெட்டியவை. அல்லது இரண்டு குன்றுகளுக்கு இடையே ஒடுங்கிய பள்ளத்தில் கிடப்பவை. சில வயல்களின் அகலம் ஒரு வீட்டு முற்றம் அளவுகூட வராது. எருமைக்கு அது பொருட்டே இல்லை. வரப்பேறி இறங்கும், சேற்றை மிதித்துக் குழைக்கும், அறுவடை முடிந்தால் களத்தில் கதிரைச் சுற்றிச் சுற்றி மிதித்துச் சூடடிக்கும். உழுதுகொண்டே எரு போடும், வருடத்துக்கு ஒரு கன்றும் ஈன்று தரலாம். டிராக்டர் கன்று போடாது என்பது ஆசியக் கிராமங்கள் எங்கும் பெரியவர்கள் சொல்லிச் சிரிக்கிற விஷயம்.

கதையின் முதல் காட்சி அயர்லாந்தில். கவுண்டி டவுனில் 1884இல் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்த ஹாரி பெர்குசனுக்கு வயல் வேலை பிடிக்கவில்லை. அண்ணன் நடத்திய பெல்பாஸ்ட் கராஜில் போய்ச் சேர்ந்துகொண்டார். கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் என்று திரிந்தவர், தன் கையாலேயே ஒரு விமானம் செய்து 1909 டிசம்பர் 31இல் ஹில்ஸ்பரோவில் பறந்தும் காட்டினார். அயர்லாந்தில் விமானம் பறந்தது அதுவே முதல் தடவை. வயலை விட்டு ஓடி வானத்துக்குப் போன இந்த மனிதரைத் திரும்ப வயலுக்கு இழுத்து வந்தது முதலாம் உலகப் போர். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு. டிராக்டர் உழவை மேம்படுத்தும் வேலையை அயர்லாந்து விவசாயச் சபை 1917இல் அவரிடம் ஒப்படைத்தது. விவசாயிகள் எந்தக் கலப்பையை எப்படி மாட்டித் திண்டாடுகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்.

திண்டாட்டம் என்பதை விட ஆபத்து என்பதே பொருந்தும். அதே 1917இல் ஹென்றி ஃபோர்ட் ‘ஃபோர்ட்சன்’ என்ற மலிவான டிராக்டரை இறக்கினார். கார் போலத் தொழிற்சாலை வரிசையில் செய்ததால் ஏழு லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் மாட்டுக்குப் பூட்டியது போலச் சங்கிலியில் கலப்பையைத் தொங்கவிட்டு இழுக்கும் வண்டி அது. கலப்பை ஒரு வேரிலோ பாறையிலோ சிக்கினால் பின்சில்லு நிற்காமல் சுழலும், முன்பக்கம் எழும்பும், வண்டி பின்னால் மல்லாந்து ஓட்டியவரின் மேலேயே விழும். அப்படி உயிர்விட்ட விவசாயிகள் பலர். மேட்டு நிலமும் கல்லும் வேரும் நிறைந்த ஓர் இடத்தில் அந்த வண்டியை ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள். கண்டி மலைக்கு ஃபோர்ட்சன் எவ்வளவு பொருந்தியிருக்கும் என்பது விளங்கும்.

பெர்குசன் கண்ட தீர்வுதான் அந்த மூன்று கைகள். 1925இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கீழ்க்கைகள் இரண்டும் கலப்பையை இழுக்கும். மேல்கை கலப்பை கொடுக்கும் எதிர்விசையை முன்நோக்கித் தள்ளும். கலப்பை மண்ணில் எவ்வளவு இறுக்கமாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு டிராக்டரின் மூக்கு நிலத்தில் அழுத்தமாகப் பதியும். மண்ணின் இறுக்கம் கூடினால் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் தூக்கி கலப்பையைத் தானாகச் சற்று உயர்த்திவிடும். எதிலாவது முட்டிச் சிக்கினால் பின்சில்லின் பிடி தளர்ந்து சில்லு வெறுமனே சுழலும், வண்டி மல்லாந்து விழாது. கலப்பையும் வண்டியும் ஒரே உடம்பாகிவிட்டதால் டிராக்டரைக் கனமாகச் செய்ய வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. கனம் குறைந்தால் விலை குறையும், எரிபொருள் குறையும், சின்ன வயலுக்குள்ளும் போகலாம்.

இதை விற்கப் பெர்குசன் 1938 அக்டோபரில் அமெரிக்கா போனார். ஃபோர்டின் வீட்டுத் தோட்டத்தில் தன் டிராக்டரை உழுது காட்டினார். பிறகு ஒரு மேசையின் மேல், சாவி கொடுத்து ஓடவிடும் பொம்மை டிராக்டரை வைத்து மூன்று கைகளின் தந்திரத்தை விளக்கினார். ஃபோர்டுக்குப் பிடித்துவிட்டது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். வக்கீல் இல்லை, ஒப்பந்தப் பத்திரம் இல்லை. அந்தக் கைகுலுக்கலை நம்பி 1939 முதல் பெர்குசன் கைகள் பூட்டிய ஃபோர்ட் டிராக்டர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் வெளியே வந்தன. ஃபோர்டின் பேரன் கம்பெனியை ஏற்றதும் அந்த உறவை முறித்துக்கொண்டு, 1947இல் கிட்டத்தட்ட அதே தொழில்நுட்பத்தோடு தங்கள் பெயரில் மட்டும் ஒரு டிராக்டரை விற்கத் தொடங்கினார்கள். காப்பியடித்துவிட்டார்கள் என்று 25 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார் பெர்குசன். 1952இல் கிடைத்தது 92.5 லட்சம் டாலர். கைகுலுக்கி வியாபாரம் செய்யும் எல்லோரும் படிக்க வேண்டிய பாடம் அது.

வழக்கு ஒருபுறம் நடக்க, பெர்குசன் இங்கிலாந்தில் வேலையைத் தொடங்கிவிட்டார். கவென்ட்ரியில் பேனர் லேன் என்ற இடத்தில், போர்க்காலத்தில் விமான எஞ்சின் செய்த ஒரு பெரிய தொழிற்சாலை, போர் முடிந்து வேலையில்லாமல் கிடந்தது. அங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1946 முதல் அவருக்காக டிராக்டர் செய்தது. சாம்பல் நிறத்தில் வந்த அந்தச் சின்ன வண்டியின் பெயர் டிஇ-20. 1956 வரைக்கும் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எட்மண்ட் ஹிலரி எவரெஸ்ட் ஏறியது எல்லோருக்கும் தெரியும். அவர் 1958 ஜனவரி 4இல் தென் துருவத்துக்கு ஓட்டிக்கொண்டு போனது இந்த வயல் டிராக்டரைத்தான். சில்லைச் சுற்றிச் சங்கிலித் தடம் பூட்டியது தவிர பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.

அதற்குள் வண்டியின் சொந்தக்காரர் மாறிவிட்டார். 1953இல் கனடாவின் மாசி-ஹாரிஸ் கம்பெனியோடு பெர்குசன் இணைந்தபோது, விலையில் பத்து லட்சம் டாலர் வித்தியாசம். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்போம் என்றார் பெர்குசன். சுண்டினார்கள், அவர் தோற்றார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இணைந்த கம்பெனி 1958இல் ‘மாசி பெர்குசன்’ ஆயிற்று. சாம்பல் நிறம் போய்ச் சிவப்பு வந்தது. நம் கராஜில் நிற்கும் மாசி 35 அந்தக் காலத்துப் பிள்ளை. 1964 கடைசியில் வந்த மாசி 135 அதன் தம்பி.

மாசி 35இல் இரண்டு வகை உண்டு என்பதை வாங்குகிறவர்கள் இன்றும் மறக்கமாட்டார்கள். முதலில் வந்தது நான்கு சிலிண்டர் டீசல். குளிரில் இலேசில் ஸ்டார்ட் ஆகாது. 1959இல் மாசி பெர்குசன், பீட்டர்பரோவில் இருந்த பெர்கின்ஸ் எஞ்சின் கம்பெனியையே வாங்கி, இரண்டரை லீட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினை இதற்குள் வைத்தது. சிலிண்டர் குறைந்தும் பெயர் கூடியது. மூன்று சிலிண்டர் மாசி என்றால் மரியாதை. நான்கு சிலிண்டர் என்றால் விலை பேசுகிறவர் கொஞ்சம் யோசிப்பார்.

இலங்கை சுதந்திரம் அடைந்த காலத்தில் அரசு வறண்ட வலயத்தில் பெரிய குடியேற்றத் திட்டங்களைத் தொடங்கியது. கல்லோயா வேலை ஆரம்பித்தது 1949இல். காடு வெட்டி வயலாக்கிய அந்த அகன்ற நிலத்துக்கு நான்கு சில்லு டிராக்டர் கனகச்சிதமாகப் பொருந்தியது. மலையகத்துக்கு அது வேறு வழியாக வந்தது. தேயிலைத் தோட்டத்தில் உழவு என்ற வேலையே கிடையாது. அங்கே டிராக்டரின் வேலை இழுப்பது. மலையிலிருந்து மடுவத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த கொழுந்தை, பின்னால் பெட்டி பூட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி ஃபெக்டரிக்குக் கொண்டு போகும். உரமும் விறகும் திரும்பி வரும். உழவுக்கென்று பிறந்த ஒரு வண்டி ஒரு நாளும் உழாமல் ஓய்வு பெற்றுப்போனது நம் தோட்டங்களில்தான்.

அந்த வண்டிகளின் நம்பர் தகடே ஒரு சின்ன வரலாறு. 1957க்கு முன் பதிந்தவற்றில் ‘சிலோன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளில் இரண்டிரண்டு முன்னால் நிற்கும். 1957இலிருந்து சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. அந்த ஓர் எழுத்தை எதிர்த்துத் தமிழர்கள் தார் பூசிப் போராடியதும், 1958இன் கலவரத்துக்கு முந்திய கசப்பில் அதுவும் சேர்ந்ததும் நாடறிந்தது. மலையகத் தோட்டங்களிலும் அந்தச் சூடு பரவியது. பிற்காலத்தில் ஸ்ரீ போய் வெறும் கோடு வந்தது. அதன் பிறகு ஆங்கில எழுத்துகள். பழைய டிராக்டர் வாங்குகிறவர் தகட்டைப் பார்த்தே வண்டி எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவார். அந்தத் தகட்டில் எந்த அரசியல் இருந்தது என்பதை அவர் சொல்லாமலும் விடலாம்.

இனி நம் ஊர் ஆள் ஒருவர் மேடைக்கு வருகிறார். ரே விஜேவர்தன, பிறப்பு 1924. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். பெர்குசனைப் போலவே இவருக்கும் பறக்கும் பைத்தியம். சின்ன விமானங்களைச் சொந்தமாகவே செய்து ஓட்டினார். பாய்மரப் படகோட்டத்திலும் கெட்டிக்காரர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகக் கலந்துகொண்டார். பெரிய டிராக்டர் சின்ன வயலுக்குள் இறங்காது என்பதைக் கண்டு, ஐம்பதுகளின் நடுப்பகுதியில் இரண்டு சில்லு வைத்து, கைப்பிடியைப் பிடித்தபடி பின்னால் நடந்து ஓட்டும் ஒரு டிராக்டரை வடிவமைத்தார். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பக்கம் ‘லேண்ட்மாஸ்டர்’ என்ற கம்பெனி அதைச் செய்து உலகெங்கும் விற்றது. கம்பெனி போய்ப் பல காலம் ஆகிறது. பெயர் மட்டும் போகவில்லை. வன்னியில், மட்டக்களப்பில், மலையகத்தில், ஜப்பான் மெஷினாக இருந்தாலும் சீனத்து மெஷினாக இருந்தாலும் அது ‘லேண்ட்மாஸ்டர்’தான்.

ஜப்பான் மெஷின் என்ற கிளைக்கதையும் சுவையானது. நிலத்தைச் சுழன்று கொத்தும் கத்திகள் கொண்ட ‘சிமார்’ என்ற சுவிட்சர்லாந்துத் தோட்ட மெஷின் 1920களில் ஜப்பானுக்குப் போனது. ஒகயாமா பக்கத்துக் கைவினைஞர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, நெல் வயலுக்குத் தோதாகச் சொந்த மெஷின்களைச் செய்யத் தொடங்கினார்கள். ஒசாகாவில் 1890இல் தொடங்கி, தண்ணீர்க் குழாய் வார்த்துப் பெயர் வாங்கிய குபோட்டா கம்பெனியும் போருக்குப் பிறகு, 1947இல், இந்தத் துறைக்குள் நுழைந்தது. சுவிஸ் பூந்தோட்டத்துக்கென்று செய்ததை ஜப்பான் சேற்றுக்கு மாற்றினார்கள். அதைப் பிறகு கண்டிப் படிவயலுக்குள் இறக்கினோம். 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பின் அவை தாராளமாக வந்தன. வரப்பில் இருவர் பிடித்துத் தூக்கினால் அடுத்த வயலுக்குள் இறங்கிவிடும் ஒரு மெஷினுக்கு, மலைச்சரிவில் மாசியால் எப்படி ஈடு கொடுக்க முடியும்?

ஆனால் மாசிக்கும் வேலை குறையவில்லை. கட்டுகஸ்தோட்டைக்குப் பக்கத்திலேயே பொல்கொல்லையில் 1976இல் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரை மாத்தளைப் பக்கம் திருப்பினார்கள். அது போய்ச் சேர்ந்த வறண்ட வலய வயல்கள் எல்லாம் டிராக்டரையே நம்பியிருந்தன. விக்டோரியா அணை எழுந்தபோது தெல்தெனியப் பக்கத்துத் தும்பறைப் பள்ளத்தாக்கு நீருக்குள் போய், அங்கிருந்தவர்கள் கீழே மகாவலிக் குடியேற்றங்களுக்கு இறங்கினார்கள். மலையில் எருமையோடு வாழ்ந்த குடும்பங்கள் சமதரையில் டிராக்டருக்கு வாடகை கொடுக்கப் பழகின. அங்கே மாசி உழுதது, சேறு மிதித்தது. இரும்புச் சில்லு பூட்டிய டிராக்டர் சேற்றைக் கிண்டிப் போகிற காட்சி அந்தக் காலத்துக் கண்களில் இன்னும் நிற்கும். அறுவடை வந்தால் களத்தில் கதிர் பரப்பி, அதன் மேலேயே சுற்றிச் சுற்றி ஓடிச் சூடும் அடித்தது. எருமை நடந்த அதே வட்டத்தில், அதே திசையில். எருமைக்குப் பதிலாகப் போட்ட ஆளைப் போல வேலை செய்தது டிராக்டர். பிற்காலத்தில் ‘சுனாமி’ என்று ஊர் பெயர் வைத்த சூடடிக்கும் மெஷின் வந்துதான் அந்த வட்டத்தை நிறுத்தியது.

எழுபதுகளின் முற்பாதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ஸ்பெயார் பாட்ஸ் கிடைக்காது. அந்தப் பஞ்சம் ஒரு திறமையை வளர்த்தது. கடைசல் மெஷினில் புஷ் கடைந்து போடுவது, உடைந்த கியர்ப் பல்லை வெல்டிங்கில் கட்டி அரத்தால் ராவி எடுப்பது, வேறு வண்டியின் பேரிங்கை இதற்குள் அடித்து இறுக்குவது. கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் கிடைக்காத சாமானை ஊர்ப் பாஸ் தன் பட்டறையில் செய்து கொடுத்தார். அந்தக் கைகள் இல்லாவிட்டால் அக்காலத்து மாசிகளில் பாதி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

மீதியைக் காப்பாற்றியது சென்னை. 1840இல் மதராஸில் சிம்ப்சன் என்ற கம்பெனி குதிரை வண்டி செய்யத் தொடங்கியது. பின்னர் ரயில் பெட்டிகள். 1903இல் ஒரு நீராவிக் கார். அதன் பிறகு பெர்கின்ஸ் எஞ்சின்கள். சிம்ப்சன் அடங்கிய அமால்கமேஷன்ஸ் குழுமத்திலிருந்து, அதன் தலைவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன் காலத்தில், மாசி பெர்குசன் கூட்டோடு 1960இல் பிறந்தது ‘டாஃபே’. செம்பியம் தொழிற்சாலையில் மாசி 35இன் குடும்பத்துப் பிள்ளைகளாக வந்த டிராக்டர்கள் இந்தியா முழுக்கப் பரவின. 1035 என்ற மாடல் இன்றும் அந்தப் பழைய அமைப்பையே சுமக்கிறது. யூகோஸ்லாவியாவில் ஐஎம்டி, பாகிஸ்தானில் மில்லத் என்று வேறு நாடுகளும் உரிமம் வாங்கி மாசி செய்தன. கவென்ட்ரியின் பேனர் லேன் தொழிற்சாலையை 2002 டிசம்பரில் மூடிவிட்டார்கள். ஆனாலும் கவென்ட்ரி மாசிக்குப் பிஸ்டன், கிளச் தட்டு, ஹைட்ராலிக் பம் சாமான் வேண்டுமென்றால் கண்டிக் கடைக்காரர் இந்தியச் சாமானை எடுத்து நீட்டுவார். தாய்வீடு மூடிவிட்டது, மகள் வீட்டில் சமையல் நிற்கவில்லை. பழைய டிராக்டரைப் பொறுத்தவரை வாங்கத் தகுந்தது எது என்ற கேள்விக்கு இதுவே முதல் விடை: எதன் சாமான் இன்றும் பக்கத்தில் செய்யப்படுகிறதோ அது.

பெர்குசனின் காப்புரிமைகள் காலாவதியானதும் எல்லாக் கம்பெனியும் மூன்று கைகளை ஏற்றுக்கொண்டன. இன்று அதற்கு ஐஎஸ்ஓ 730 என்று சர்வதேச அளவுத்தரமே உண்டு. அறுபது வருட மாசிக்கு நேற்று வந்த கொத்துக் கலப்பையைப் பூட்டலாம்; நேற்று வந்த மகிந்திராவுக்கு அறுபது வருடக் கலப்பையைப் பூட்டலாம். நீதிமன்றத்தில் 25 கோடி கேட்டவர் உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன சொத்து அது.

இனி, வாங்கலாம் என்று துணிந்தவர்களுக்கு. விலை பேசும் இடத்தில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“நானா, புத்தகம் இருக்குத்தானே?”

“புத்தகம் கையில இருக்கு தம்பி. இஞ்சின் நம்பர் மட்டும்தான் வேற. இஞ்சின் மாத்தினது.”

அந்த ‘மட்டும்தான்’ என்ற சொல்லில் மாதக்கணக்கான அலைச்சல் ஒளிந்திருக்கலாம். பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். மாசி 35இல் டேஷ் பக்கத்துத் தகட்டில் சீரியல் நம்பர் இருக்கும். முன்னெழுத்து எஸ்.என்.எம். என்றால் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ், எஸ்.டி.எம். என்றால் பழைய நான்கு சிலிண்டர். தகடு புதிதாக மின்னினால் சந்தேகப்படுங்கள். அறுபது வருடம் வெயிலும் மழையும் கண்ட தகடு அப்படி மின்னாது.

அடுத்து எஞ்சின். விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருப்பார். நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினைத் தட்டிவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியையோ ப்ரீதர் குழாயையோ கவனியுங்கள். அங்கிருந்து புகை கப்புகப்பென்று வந்தால் ரிங்கோ லைனரோ தேய்ந்துபோயிருக்கிறது. சைலன்சரில் நீலப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது என்று அர்த்தம்.

பிறகு கண்டி மழைக்கே உரிய சோதனை ஒன்று. மாசியில் கியர்பொக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். கியர் கம்பியைச் சுற்றியுள்ள றப்பர் உறை வெடித்திருந்தால் மழைத்தண்ணி மெதுவாக உள்ளே இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் தெளிவாக இருக்க வேண்டும். பால் ஊற்றின தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்தத் தண்ணீர் பெர்குசனின் மூன்று கைகளையும் தூக்கும் பம்மைத்தான் முதலில் அரிக்கும். எண்ணெய் நன்றாக இருந்தாலும் விடாதீர்கள். பின்னால் கனமான ஒரு கலப்பையையோ மண் நிரப்பிய ட்ரம்மையோ மாட்டி உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். அதற்குள் கைகள் தரையைத் தொட்டுவிட்டால் விலையைக் குறையுங்கள். முன் அச்சின் நடுப்பின்னில் ஆட்டம், ஸ்டியரிங்கில் இடைவெளி, பின் டயரின் பக்கவாட்டு வெடிப்பு ஆகியவற்றைப் பிறகு பாருங்கள். பெயிண்டைக் கடைசியாகப் பாருங்கள். பளபளக்கும் சிவப்புப் பெயிண்ட் மாசிக்கு உடுப்பு மட்டுமே.

இவ்வளவும் படித்த பிறகு, வயலுக்காக வாங்குபவர் ஒரு கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: டிராக்டர் விளைச்சலைக் கூட்டுமா? லேண்ட்மாஸ்டரைத் தந்த ரே விஜேவர்தன அதே கேள்வியைத் தன்னையே கேட்டுக்கொண்டவர். டிராக்டர் விளைச்சலைக் கூட்டியதா என்ற கேள்வியை எதிர்கொண்டபின், நாங்கள் விவசாயத்தை மெஷினாக்கவில்லை, எருமையைத்தான் மெஷினாக்கினோம் என்ற கருத்தை வெளிப்படையாகவே சொல்லத் தொடங்கினார். எழுபதுகளில் நைஜீரியாவின் இபாதானில் இருந்த சர்வதேச விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் உழாமலே பயிரிடும் முறைகளில் வேலை செய்தார். நாடு திரும்பிய பின் கிளிசரிடியாவைச் சரிவு நிலத்தில் வேலியாக வரிசைப்படுத்தி நடும் முறையைப் பரப்பினார். மண் கரையாது, இலை உரமாகும், விறகாகும். மலைநாட்டுச் சரிவுக்கு அதுவே பொருத்தம் என்பது அவர் முடிவு. 2022இல் டீசல் இல்லாமல் நாடு வரிசையில் நின்றபோது வயலில் டிராக்டரும் நின்றது; அவருடைய கேள்வியை நாடே கேட்டது. அப்போது அவர் உயிரோடு இல்லை, 2010இல் காலமாகிவிட்டார்.

என் தீர்ப்பு இது. கண்டியைச் சுற்றிப் படிவயல் வைத்திருப்பவருக்கு லேண்ட்மாஸ்டர் போதும். அதற்கு மேல் மாசி தேவையில்லை. பெட்டி பூட்டி இழுப்பதற்கும், தட்டை நிலத்துக்கும், அல்லது அந்த எஞ்சின் சத்தத்தின் மேலுள்ள ஆசைக்கும் என்றால், புத்தகம் சரியான, தூக்கி இறங்காத, மூன்று சிலிண்டர் மாசியை வாங்குங்கள். மற்ற எல்லாவற்றையும் கண்டிப் பாஸ்மார் சரிசெய்து தருவார்கள்.

ஆனால் ஒன்று. பெர்குசனின் கைகள் கலப்பை சிக்கி வண்டி மல்லாந்து விழாமல் காக்கும். சரிவில் பக்கவாட்டாகக் கவிழ்வதைத் தடுக்காது. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் புது டிராக்டர்களில் இருக்க வேண்டும் என்பது சுவீடனில் 1959இலும் பிரிட்டனில் 1970இலும் கட்டாயமாயிற்று. நம்மிடம் உள்ள பழைய மாசிகளில் அது கிடையாது. புதுப்பிக்கும்போது பெயிண்டுக்கு வைத்த பணத்தை முதலில் அந்தச் சட்டத்துக்குச் செலவழியுங்கள். பெட்டியில் கொழுந்தை ஏற்றுங்கள், மூட்டையை ஏற்றுங்கள், ஆட்களை ஏற்றாதீர்கள்.